முன்வாசல் குழாய்

பழங்காநத்தத்தில் மரியராஜ் சாரின் வீட்டைப் பார்க்கப் போன அன்று எல்லோரும் தலையை நிமிர்த்தி, கூரையில் காரை பெயர்ந்த இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகஜோதி மட்டும் வாசலில் குனிந்து குழாயைப் பார்த்தாள்.

வீடு பழசு. முன்பக்கம் ஒரு தெரு, பின்பக்கம் ஒரு தெரு, இரண்டையும் தொட்டுக்கொண்டு நீளமாகக் கிடந்தது. திருமங்கலத்துக்கு மேற்கே நாலுவழிச் சாலையை ஒட்டியிருந்த பருத்திக்காட்டை விற்ற அப்பா மலையாண்டி, நாகஜோதிக்கும் அவள் தங்கை திவ்யாவுக்கும் சமமாகப் பங்கு கொடுத்திருந்தார். "தனித்தனியா வாங்குனீகன்னா ஆளுக்கொரு குருவிக்கூடுதான் கெடைக்கும். சேந்து ஒரு பழைய வீடா வாங்கி நடுவுல சொவரு எழுப்பிக்கங்கத்தா" என்று அவர்தான் யோசனையும் சொன்னார்.

அன்று தண்ணீர் வருகிற நாள். முன்தெரு சற்று மேடு. அங்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு குழி இருந்தது. குழாயை எவ்வளவு தாழ்த்துகிறோமோ அவ்வளவு தண்ணீர் வரும் என்று வருடத்துக்கு வருடம் தோண்டி, சில குழிகளுக்குள் உட்கார்ந்திருந்த பெண்களின் கொண்டை மட்டும் வெளியே தெரிந்தது. செம்பில் பிடித்துப் பிடித்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மரியராஜ் சார் வீட்டில் குழி இல்லை. முழங்கால் உயரத்தில் குழாய் நின்றது. அதிலிருந்து விழுந்த தண்ணீர் நீல டிரம்மின் அடியில் மோதி மத்தளம் வாசித்துக்கொண்டிருந்தது.

சாரின் மனைவி ஆனிமேரி பக்கத்தில் வந்து நின்றாள். "இந்தத் தெருவுல எந்த வீட்லயாச்சும் இப்பிடி வருதா பாரும்மா. எல்லாரும் குழிக்குள்ள குத்தவச்சிருக்காக."

"ஒங்களுக்கு மட்டும் எப்பிடிம்மா இம்புட்டு வேகமா வருது?"

"அது பெரிய கதை. எங்க வீட்டுக்காரரு அந்தக் காலத்துல என்ன பண்ணாருன்னா..."

உள்ளேயிருந்து திவ்யாவின் கொலுசுச் சத்தம் வந்தது. "அக்கா, அங்க என்ன பண்ற?"

நாகஜோதி சட்டென்று குழாயைத் திருகி மூடினாள். சேலை முந்தானையை விரித்து, குழாயும் டிரம்மும் மறைகிற மாதிரி நின்றுகொண்டாள். "சரிம்மா, சரிம்மா. கதைய அப்பறமாக் கேட்டுக்கறேன்" என்று ஆனிமேரியின் வாயையும் அடைத்துவிட்டு, "ஒண்ணுமில்லடி, இரும்புக் கேட்டு துருப்பிடிச்சிருக்கான்னு பாத்தேன்" என்றாள் தங்கையிடம்.

அந்தக் கதையை அவள் அப்புறமும் கேட்கவில்லை.

நாகஜோதிக்குக் காது குத்தியபோது தாய்மாமன் பிள்ளைகள் மூன்று பேரோடு சேர்த்து ஒரே பந்தலில் ஒரே கிடாயை வெட்டி முடித்துவிட்டார்கள். அந்த வருடம் மழை இல்லை. திவ்யாவுக்குக் குத்தியபோது தனிப்பந்தல், மைக்செட், வரிசையாகக் கிடாய்கள். அந்த வருடம் பருத்தி நல்ல விலைக்குப் போயிருந்தது. மழையும் பருத்தியும் செய்த வேலை என்று நாகஜோதிக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? திவ்யா கல்லூரிக்குப் போனாள். நாகஜோதி பத்தாவதோடு படிப்பு ஏறவில்லையென்று தானாக நின்றவள். ஆனால் அதையும் அவள் திவ்யாவின் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தாள். திவ்யாவுக்கு வாய்த்த அருள்பாண்டிக்குத் திருமங்கலத்தில் உரம், பூச்சிமருந்துக் கடை. கார் இருந்தது. நாகஜோதியின் புருசன் ஜெயபாண்டி டயர் ரீட்ரேடிங் கம்பெனியில் ஸ்டோர் பார்த்தான். அவனிடம் பொறுமை இருந்தது. பொறுமையில் உட்கார்ந்து கல்யாண வீட்டுக்குப் போய் இறங்க முடியாது.

இதில் கொடுமை என்னவென்றால் திவ்யா நல்லவள். அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். கெட்டவளாக இருந்திருந்தால் நாகஜோதிக்கு வெறுப்பது எளிதாக இருந்திருக்கும்.

விலை பேசி முடித்து, பாகம் பிரிக்கிற நாளில் மலையாண்டி நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"நம்ம வழக்கம் தெரியும்ல. மூத்தது கூறு போடணும், இளையது எடுக்கணும். அப்பத்தான் கூறு போடுறவ கை கோணாம இருக்கும்."

நியாயமான வழக்கம்தான். பெரிய கூறு ஒன்று, சின்னக் கூறு ஒன்று என்று போட்டால் இளையவள் பெரியதை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதனால் கூறு போடுகிறவள் பயந்து சமமாகப் போடுவாள். போட்டவளே வேண்டுமென்று தங்கைப் பக்கம் பெரிதாகப் போடுவாள் என்று அந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

நாகஜோதி கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். நடுக்கூடத்தின் முன்னோரமாக, வாசல் பக்கம் நெருக்கி, ஒரே இழுப்பில் வெள்ளைக் கோடு போட்டாள். கூடத்தின் பூப்போட்ட பழைய தரைக்கல் முழுவதும் பின்பாகத்தில் விழுந்தது. காற்றோட்டமான பெரிய அறை, முருங்கைமரம், கார் நிறுத்துகிற அளவுக்குப் பின்தெருவைப் பார்த்த வாசல், எல்லாம் அந்தப் பக்கம். முன்பாகத்தில் இரண்டு சின்ன அறை, இருட்டு அடுப்படி, வாசலில் குழாய்.

ஜெயபாண்டி கோட்டைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "ஏய் நாகு, கோடு தள்ளிப் போச்சே. கை கிய்யி நடுங்குச்சா?"

"நான் போட்டது போட்டதுதான் மாமா. நீங்க சும்மா இருங்க."

திவ்யா இரண்டு பக்கமும் நடந்து பார்த்தாள். பூத்தரையில் செருப்பில்லாமல் நின்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "அப்பா, பாருங்கப்பா. அக்கா எனக்குன்னே ஒதுக்கி வச்சிருக்கு. ஒனக்கு எடம் பத்தாதேக்கா."

"எங்களுக்கு இது போதும்டி. நீ எடு."

திவ்யா பின்பாகத்தை எடுத்தாள். மலையாண்டி மூத்த மகளைப் பெருமையாகப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நாகஜோதி அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டாள். திருட்டுச் சாமான்தான், இருந்தாலும் இனித்தது.

பத்திரம் எழுதுகிறபோது ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். "அவங்கவங்க பாகத்துல பூமிக்கு மேலயும் கீழயும் என்னென்ன இருக்கோ, அது அவங்கவங்களுக்கே. பின்னாடி ஒருத்தர ஒருத்தர் கேக்கப்படாது. மரம், குழாய், எதுவா இருந்தாலும்." பத்திர எழுத்தர் அதைச் சட்டத் தமிழில் திருப்பி எழுதினார். மரத்தை முதலில் சொன்னதால் யாரும் குழாயைக் கவனிக்கவில்லை.

தண்ணீர் வரிப் பாக்கி ஒன்று அதற்குப் பிறகு முளைத்தது. மரியராஜ் சாரும் ஆனிமேரியும் இரண்டு வருடம் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்துவிட்டு, விற்பதற்காகத்தான் திரும்பி வந்திருந்தார்கள். பூட்டிக் கிடந்த காலத்துக்கும் வரி ஏறியிருந்தது. "நான் வெலையில தட்டிக் குடுத்ததே அதையெல்லாம் நெனச்சுத்தான் தம்பி" என்றார் சார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவரிடம் ஜெயபாண்டிக்கு எதிர்த்துப் பேச வரவில்லை. நாகஜோதி முடித்து வைத்தாள்: "வீடு பொது, பாக்கியும் பொது. ஆளுக்குப் பாதி." திவ்யா மறுபேச்சில்லாமல் பாதியைக் கொடுத்தாள். வாசல் குழாயின் இணைப்பு நாகஜோதி பேருக்கு மாறியது.

குடிவந்த பிறகு நாகஜோதிக்கு வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான்.

தண்ணீர் வருகிற நாளில் திவ்யா இடுப்பில் குடத்தோடு தெருவைச் சுற்றிக்கொண்டு வருவாள். நடுச்சுவர் எழும்பிவிட்டதால் சுற்றித்தான் வரவேண்டும். கேட்டுக்கு வெளியே நின்று, "அக்கா, வரவா?" என்பாள். நாகஜோதி உடனே பதில் சொல்ல மாட்டாள். தன் டிரம் நிறைகிற வரை கேட்காத மாதிரி இருப்பாள். பிறகு, "வாடி, வா. ஏன் வெளியவே நிக்கிற" என்பாள். தங்கையின் வளையல் கை தன் குழாய்க்குக் கீழே குடத்தைச் சாய்த்துப் பிடிப்பதைப் பார்க்கையில் அந்தத் தனிப்பந்தலும் மைக்செட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோவதாக இருந்தது. எதிர்வீட்டு மீனா தன் குழிக்குள்ளிருந்து கொண்டையை நிமிர்த்தி, "ஒங்க தங்கச்சிக்குக் கார் இருக்கு, குழாய் இல்லையா?" என்று கேட்டபோது நாகஜோதி அதட்டுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். உள்ளே சர்க்கரைத்தண்ணி இறங்கியது.

திவ்யா வெறுங்கையோடு வருவதில்லை. முருங்கைக்காய்க் கட்டு ஒன்றை அடுப்படித் திண்டில் வைத்துவிட்டுத்தான் குடத்தை எடுப்பாள். அதுதான் நாகஜோதிக்குப் பிடிக்கவில்லை. கடன்காரி மாதிரி வாங்கிப் போகவேண்டியவள் விருந்தாளி மாதிரி வந்து போனாள்.

ஒருநாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு திவ்யா பேச்செடுத்தாள். ஜெயபாண்டியும் வீட்டில் இருந்தான்.

"அக்கா, எத்தன நாளைக்கு ஒன்னையத் தொந்தரவு பண்றது? பின்தெருவுல புதுக் குழாய்க்கு எழுதிப் போடலாம்னு இருக்கோம். டெபாசிட்டு, ரோடு வெட்டுறதுக்குக் கட்டணம், பிளம்பர் கூலின்னு நல்லா வருது. அதுல பாதி நீ போடுக்கா."

"நான் எதுக்குடி போடணும்?"

"இந்தக் குழாயச் சேத்துத்தானக்கா வீட்டுக்கு வெல பேசுனோம்? இதுல பாதி எங்காசுல்ல. இத நீயே வச்சுக்க. புதுசுல பாதி குடு, சரியாப் போயிரும்."

"பூத்தரையையும் சேத்துத்தான் வெல பேசுனோம். பாதித் தரையப் பேத்துக் குடுப்பியா?"

"தரையக் குடிக்க முடியுமாக்கா?"

"முருங்கமரமும்தான் பேசுனோம்."

"அந்தா இருக்கு பாரு, திண்டுல. காய் பாதிக்கு மேல ஒங்க அடுப்புலதான கொதிக்குது."

"நான் கேட்டனா? கேட்டனா ஒன்னய?"

திவ்யாவின் முகம் சிவந்தது. "பாக்கி கட்டுறப்ப என்ன சொன்ன? வீடு பொது, பாக்கியும் பொதுன்ன. வாயத் தொறக்காமக் குடுத்தேன். குடுக்குறதுன்னா பொது, வாங்குறதுன்னா தனியா?"

"அப்ப சொவரு இல்ல. இப்பச் சொவரு இருக்கு. ஓங் குழாய்க்கு நீ குடு, எங் குழாய்க்கு நான் குடுக்கறேன். பத்திரத்துல போட்டிருக்கு, போய்ப் படி. பி.காம். படிச்சவதான."

ஜெயபாண்டி தொண்டையைச் செருமினான். "ஏய் நாகு, புள்ள சொல்றதுலயும் ஒரு இது இருக்கு. குடுத்துருவோமே."

"மாமா, நீங்க டயருக்குப் பட்டை ஒட்டுறதோட நிறுத்திக்கங்க. இங்க ஒண்ணும் கிழியல."

திவ்யா குடத்தை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டாள். பாதி நிறைந்த குடம் குழாயடியில் கிடந்தது. சாயங்காலம் அருள்பாண்டி வந்து சிரித்த முகத்தோடு எடுத்துப்போனான். "மதினி, குடத்துலயும் பாதிதான் எங்களுதா, முழுசும் எடுத்துக்கிரலாமா?" என்று கேட்டான். அவன் கேலி பேசுகிறவன்தான். ஆனால் அந்தக் கேலி அன்றைக்கு நாகஜோதியின் காதுக்குள் நின்றுகொண்டது.

அதற்குப் பிறகு திவ்யா குடத்தோடு வரவில்லை. காசு கொடுத்துத் தண்ணீர் லாரியில் வாங்கினார்கள். நாகஜோதியின் குழாய் முன்னைப்போலவே மத்தளம் வாசித்தது; கேட்டுக்கு வெளியே நின்று கேட்க ஆள்தான் இல்லை. தண்ணீர் வருகிற நாளில் அவள் தெருமுனையை இரண்டு மூன்று முறை எட்டிப் பார்ப்பாள். வரவில்லை என்றால் ஒரு கோபம். வந்துவிட்டால் தேவலை என்றும் ஒரு கோபம்.

திவ்யாவின் புதுக் குழாய்க்காகப் பின்தெருவில் ரோடு வெட்டுகிற நாள் வந்தது. அன்றைக்கும் தண்ணீர் நாள்தான். நாகஜோதி டிரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். டிரம் பாதி நிறைந்திருந்தபோது தண்ணீர் மெலிந்தது, நூலானது, சொட்டானது, நின்றது. எதிர்வீட்டு மீனாவின் குழியில் செம்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தெருவில் எல்லார் வீட்டிலும் வந்துகொண்டிருந்தது. இவள் வீட்டில் மட்டும் இல்லை.

முதலில் வந்த நினைப்பு, திவ்யா ஏதோ செய்துவிட்டாள் என்பதுதான். நாகஜோதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவைச் சுற்றி நடந்தாள். திவ்யா குடத்தோடு வருகிற வழி. இத்தனை தூரம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பின்தெருவில் திவ்யாவின் வாசலுக்கு முன்னால் பள்ளம் வெட்டியிருந்தார்கள். பிளம்பர் முத்திருளன் இடுப்பளவு பள்ளத்தில் நின்றான். அருள்பாண்டி, திவ்யா, அன்றைக்குப் பார்த்து வந்திருந்த மலையாண்டி, மூவரும் சுற்றி நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெயின் லைனிலிருந்து ஒரு பழைய இரும்புக் குழாய் கிளம்பி திவ்யாவின் வீட்டுக்கடியில் போவது நாகஜோதிக்கும் தெரிந்தது.

"இங்கனதான் ஏற்கனவே கனெக்சன் இருக்குல்லண்ணே. பெறகு எதுக்குப் புதுசுக்குப் பணம் கட்டுனீக?" என்று முத்திருளன் அருள்பாண்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தான். "இப்பத்தான் வால்வ அடைச்சேன். இது எங்கன போவுதுன்னுதான் தெரியல."

"எங்க வீட்டுல நின்னுபோச்சு" என்றாள் நாகஜோதி. திட்டுவதற்காக வந்தவள். வாயில் வந்தது அவ்வளவுதான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திவ்யா ஃபோனை எடுத்து மரியராஜ் சாரை அழைத்து, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஆமாம்மா" என்றார் சார், கோயம்புத்தூரிலிருந்து. "லைன் பின்தெருவுலருந்துதான். முன்தெரு மேடு, அந்த லைன்ல தண்ணி ஏறாது, பின்தெரு லைன்ல நல்ல வேகம். அதனால பின்னாடி எடுத்து, கூடத்துக்கு அடியில முழுக்கக் கொண்டுவந்து முன்வாசல்ல விட்டேன். ஆனிமேரிக்கு அப்ப முழங்கால் வலி, குழிக்குள்ள எறங்க முடியாது. ஏன், ஒங்களுக்குத் தெரியாதா? வீடு பாக்க வந்தன்னிக்கே ஒங்க அக்காகிட்ட இவ சொல்ல வந்தாளாமே. அந்தம்மாதான் கதைய அப்பறம் கேட்டுக்கறேன்னுச்சாம்."

ஃபோன் அணைந்தது. பள்ளத்துக்குள் எங்கோ தண்ணீர் கசிகிற சத்தம் கேட்டது.

மலையாண்டி மூத்த மகளைப் பார்த்தார். பாகம் பிரித்த அன்றைக்குக் கொடுத்த பார்வையை அவர் திரும்ப வாங்கிக்கொள்வது நாகஜோதிக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அதான் கோடு அம்புட்டுத் தள்ளிப் போச்சா?" என்றார் அவர், மெதுவாக.

அருள்பாண்டி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். "பூமிக்கு மேலயும் கீழயும் என்னென்ன இருக்கோ அது அவங்கவங்களுக்கே. மதினி சொல்லித்தான் எழுதுனது. கீழன்னு ஒரு வார்த்தைய எதுக்குச் சேத்தீக மதினி?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீகளா?" என்றாள் திவ்யா, புருசனைப் பார்த்து. பிறகு பள்ளத்துக்குள் குனிந்தாள். குழாயை வெட்டி விடட்டும் என்று நாகஜோதி நினைத்தாள். நானாக இருந்தால் வெட்டியிருப்பேன். வெட்டினால் ரோட்டில் நின்று கத்தலாம், மண்ணை வாரித் தூற்றலாம், ஜென்மத்துக்கும் பேசாமல் இருக்கலாம். வெட்டுடி.

"அண்ணே, இதுலயே ஒரு டீ ஜாயிண்ட் போட்டு எங்களுக்கு எடுத்துக் குடுங்க" என்றாள் திவ்யா முத்திருளனிடம். "அக்காவுக்குப் போற லைன் அப்பிடியே இருக்கட்டும். மொதல்ல வால்வத் தொறந்து விடுங்க. அங்க டிரம்மு பாதியில நிக்கும்."

நாகஜோதி திரும்பி நடந்தாள். அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே டிரம் நிறைந்து வாசலில் வழிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் தண்ணீர் வந்தது. கொஞ்சம் வேகம் குறைந்து வந்தது, அவ்வளவுதான். குறையொன்றும் சொல்ல முடியாது. ஆனால் வால்வு திவ்யா வீட்டுப் பக்கம் இருந்தது. தண்ணீர் வருகிற நாளில் நாகஜோதி குழாயைத் திறந்துவிட்டு, காதைச் சுவரில் வைத்துக் கேட்பாள். அந்தப் பக்கம் தொட்டி நிறைகிற சத்தம். அவளுக்குப் போக மிச்சம் என்று ஒவ்வொரு குடமும் சொன்னது. அக்காவுக்குத் தண்ணீர் குறையும் என்று திவ்யா தன் பக்கக் குழாயை முதல் அரைமணி அடைத்து வைக்கிறாள் என்று ஜெயபாண்டி ஒருநாள் எதார்த்தமாகச் சொன்னான். சொல்லியிருக்கக் கூடாது.

அன்று முழுதும் நாகஜோதி சாப்பிடவில்லை.

"தண்ணி வருதுல்ல?" என்றான் ஜெயபாண்டி. "பெறகு என்னதான் ஒனக்கு?"

"அவ விட்டா வருது மாமா."

"விடுறாள்ல."

"அதான்."

ஜெயபாண்டிக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் அவனால் ஆவது ஒன்றுமில்லை. மறுவாரம் நாகஜோதி தன் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு போய் முன்தெரு லைனிலிருந்து புது இணைப்புக்கு எழுதிப் போட்டாள். டெபாசிட், ரோடு வெட்டுகிற கட்டணம், கூலி, எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகக் கட்டினாள். அருள்பாண்டி பாதி தருவதாகச் சொல்லியனுப்பியதாக அப்பா வந்து சொன்னபோது, "ஓங் குழாய்க்கு நீ, எங் குழாய்க்கு நான்னு அன்னைக்கே சொல்லிட்டேன்ப்பா" என்றாள்.

"முன்தெருவுல தண்ணி ஏறாதுன்னு வாத்தியாரு சொன்னாரேத்தா?"

"ஏறுற வரைக்கும் தோண்டிக்கறேன்."

முத்திருளன் வந்தான். நடுக்கூடத்து அடியிலிருந்து வந்த பழைய குழாயை நாகஜோதியின் பக்கம் வெட்டி மூடி போட்டான். போடுகிறபோது, "நெசமாத்தான் சொல்றீகளாக்கா?" என்று இரண்டு தடவை கேட்டான். வாசலில் குழி தோண்டினான். இடுப்பளவு, நெஞ்சளவு, பிறகு இரண்டு படி வைத்து இறங்குகிற அளவு.

முதல் தண்ணீர் வருகிற நாளில் நாகஜோதி குளித்து, குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தாள். படியிறங்கிக் குழிக்குள் உட்கார்ந்தாள். கொண்டைதான் வெளியே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எதிர்க்குழியிலிருந்து மீனாவின் குரல் வந்தது.

"வாங்கக்கா, வாங்க. நீங்களும் பாதாளத்துக்கு வந்தாச்சா? வெத்தல பாக்கு மாத்திக்குவமா?"

குழாய் இரண்டு தடவை காற்றை உமிழ்ந்தது. மண்கலரில் கொஞ்சம் கொட்டியது. பிறகு தெளிந்து ஒரு நூல் விழுந்தது. நாகஜோதி அதற்குக் கீழே செம்பைப் பிடித்தாள். செம்பின் அடி நனைவதற்குள் அவளுக்குக் கை வலித்தது. ஆனால் அது அவள் தண்ணீர். அவள் கட்டிய காசுக்கு, அவள் தோண்டிய குழிக்கு வருகிற தண்ணீர். யார் மிச்சமும் இல்லை.

"அக்கா."

நிமிர்ந்து பார்த்தாள். கேட்டுக்கு வெளியே திவ்யா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குடம். தெருவைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் வீட்டில் இந்நேரம் தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருக்கும்.

"என்னடி?"

"புதுக் குழாயாம்ல. மொதக் குடம் கூடப்பொறந்தவளுக்குத்தான குடுப்பாக. வரவா?"

அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக நாகஜோதி கேள்விப்பட்டதில்லை. திவ்யா அந்த நிமிடத்தில் உண்டாக்கியதுதான். உண்டாக்கிக்கொண்டு, முன்னே மாதிரியே கேட்டுக்கு வெளியே, இன்னும் உள்ளே கால் வைக்காமல், அனுமதி கேட்டு நின்றாள். எதற்காக வந்து நிற்கிறாள் என்று நாகஜோதிக்குத் தெரிந்தது. தனக்குத் தெரிந்தது என்பது திவ்யாவுக்கும் தெரிந்திருக்கும். கொடுக்கிற இடத்தில் அக்காவை உட்கார்த்தி வைக்க வந்திருக்கிறாள். ஆகக்கடைசியில் அதையும் அவள்தான் கொடுக்கிறாள்.

குழாய் நூலாய் ஒழுகியது. மீனா கொண்டையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். போடி என்று சொல்ல நாகஜோதிக்கு வாய் வரை வந்தது.

"வாடி, வா" என்றாள். "ஏன் வெளியவே நிக்கிற."

திவ்யா படியிறங்கி வந்தாள். ஒருவர் உட்கார்கிற குழிக்குள் இரண்டு பேர் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாகஜோதி செம்பிலிருந்ததைக் குடத்தில் ஊற்றினாள். அது அடியில் எங்கோ விழுந்தது, சத்தம்கூட வரவில்லை. மறுபடி செம்பைக் குழாய்க்குக் கீழே பிடித்தாள்.

"குடம் நெறைய ரொம்ப நேரமாவும்டி."

"ஆவட்டும்க்கா."

நாகஜோதி குனிந்து குடத்தைப் பார்த்தாள். பழைய குடம் இல்லை. பளபளவென்று, கழுத்தில் பூவேலை செய்த எவர்சில்வர். ஒட்டியிருந்த விலைச்சீட்டு இன்னும் முழுதாக உரியவில்லை.

"குடம் புதுசா?" என்று கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.